தினமும் ஒரு மாத்திரை: நோயாளியின் இஸ்திகாமத்தும் நம்முடைய நாவும்

எல்லாப் புகழும் அகில உலகங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை இன்று பேசப்போகிறோம். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதுமே சிலருக்கு முகம் மாறும். பள்ளிவாசலில் இதெல்லாம் பேசலாமா என்று தோன்றும். எச்.ஐ.வி. என்றாலே ஹராமைப் பற்றிய பயான்தான் என்று நாமாக முடிவு செய்து வைத்திருக்கிறோம். விபச்சாரம் ஹராம் என்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் இனியும் பேசுவோம். இன்றைய விஷயம் வேறு. அந்தக் கிருமி ஏற்கெனவே உடம்பில் இருக்கிற ஒருவர், இன்று இரவு தன் மாத்திரையை விழுங்குவாரா, மாட்டாரா? அதுதான் இன்றைய பேச்சு. அப்படிப்பட்ட ஒருவர் இந்த ஸஃப்களில், நம் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருக்கலாம். பெண்கள் பகுதியில் ஒரு சகோதரி இருக்கலாம். இதை வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிற நீங்களாகவே இருக்கலாம்.

முதலில் அல்லாஹ் நமக்குச் செய்திருக்கிற உபகாரத்தை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்முடைய சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு இந்த நோய் என்று சொன்னால் மரணம் என்றே பொருள். 1996 வாக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. ஆனால் விலை? ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல். பணக்கார நாட்டுக்காரன் பிழைத்தான், ஏழை செத்தான். 2001-ல் நம் நாட்டு மருந்து நிறுவனமான சிப்லாவின் தலைவர் யூசுஃப் ஹமீத், அதே கூட்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தருகிறேன் என்று முன்வந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இந்த மருந்தை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. முன்பெல்லாம் கைநிறைய மாத்திரை, வேளைக்கு வேளை. இன்று பெரும்பாலோருக்கு மூன்று மருந்துகள் ஒன்றாக அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு தடவை. அல்ஹம்துலில்லாஹ்.

நோயைக் கொடுத்த அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரீயில் இருக்கிறது. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே நபியவர்கள் பதில் சொன்னார்கள் என்று உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிப்பதை அபூதாவூதில் பார்க்கிறோம். ஆக, மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு எதிரானது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் தந்தார்கள். நோயும் அவனுடைய விதி. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்குகிற அந்த டப்பாவும் அவனுடைய விதிதான்.

மருந்தை ஆரம்பிப்பது எளிது, சகோதரர்களே. தொடர்வதுதான் கஷ்டம். ஏன் தொடர வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

இந்த வைரஸ் இரத்தத்தில் சுற்றுவதோடு நிற்பதில்லை. சில உயிரணுக்களுக்குள் போய்த் தூங்குவதுபோல் ஒளிந்துகொள்கிறது. மருந்து இரத்தத்தில் இருக்கும்வரை அது பெருக முடியாது. மருந்தை நிறுத்தினால், சில வாரங்களில் மறைவிடத்திலிருந்து கிளம்பி மறுபடி பெருகத் தொடங்குகிறது. இதைவிட ஆபத்தானது, இரண்டு நாள் போடுவது, மூன்று நாள் விடுவது. மருந்தின் அளவு உடம்பில் பாதியாக இறங்கி நிற்கும்போது, வைரஸ் சாகவும் இல்லை, அடங்கவும் இல்லை. அந்த நிலையில் பெருகும்போது அது தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்துக்குப் பிடிபடாத வகை அதிலிருந்து உருவாகிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஒழுங்காகப் போட்டாலும் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். அந்த வகை உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ போனால், அவருக்கும் அந்த மருந்து முதல் நாளிலிருந்தே பயன்படாமல் போகலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மாத்திரையைத் தவறாமல் போட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியாக அது துணைக்குப் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகளில் இது உறுதியாகியிருக்கிறது. கர்ப்பிணித் தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, பிறக்கும் குழந்தைக்கும் டாக்டர் சொல்கிற மருந்தைக் கொடுத்தால், பெரும்பாலும் அந்தக் குழந்தையும் பாதுகாக்கப்படுகிறது. அல்லாஹ் நாடினால் இவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது எது என்று கேட்கப்பட்டபோது, கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இரவுத் தொழுகையைத் தொழுதுகொண்டிருந்து பிறகு விட்டுவிட்ட ஒருவரைப்போல் நீ ஆகிவிடாதே என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்ததும் நமக்குத் தெரியும். இஸ்திகாமத் என்று நாம் சொல்வது இதைத்தான். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அந்த அமானிதத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நிய்யத்தோடு ஒருவர் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி அந்த ஒரு மாத்திரையை விழுங்கினால், அதற்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று ஆதரவு வைக்கிறோம். 365 நாளும் விழுங்குவது சின்ன விஷயமே கிடையாது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேன் சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தன் சகோதரனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் வந்தார். தேன் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கொடுத்தும் நிற்கவில்லை என்று திரும்பி வந்தார். மறுபடியும் தேன்தான் கொடுக்கச் சொன்னார்கள். இப்படிப் பல தடவை. மருந்தை மாற்றவும் இல்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. கடைசியில் குணமானது. இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) இதற்கு விளக்கம் எழுதும்போது, மருந்து நோய்க்குத் தக்க அளவில் போய்ச் சேர வேண்டும், குறைந்தால் முழுமையாக வேலை செய்யாது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொல்கிறார்கள். பல நூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட விளக்கம். இன்றைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் உட்கார்ந்திருக்கிற ஆலோசகர் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

இப்போது ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த மஹல்லா என்று சொல்ல மாட்டேன், யாரும் யூகிக்கவும் வேண்டாம். சில வருடங்களாக ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்தவர். ஒரு தடவை இரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்டறியப்படவில்லை என்று வந்தது. சந்தோஷத்தில் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அந்த நபர் இவருக்கு ஏற்கெனவே ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தவர். "பார்த்தீர்களா, அல்லாஹ் ஷிஃபா கொடுத்துவிட்டான். இனி இந்த இங்கிலீஷ் மருந்து எதற்கு?" என்று சொல்லியிருக்கிறார். சகோதரர் நிறுத்திவிட்டார். சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விடாத காய்ச்சல், இருமல், எடை குறைவு. காசநோய் பிடித்துவிட்டது. என்னிடம் வந்தபோது அவர் கேட்ட கேள்வி: "ஹஜ்ரத், நான் மறுபடி மாத்திரை போட்டால், அல்லாஹ் தந்த ஷிஃபாவை மறுத்ததாக ஆகிவிடுமா?"

எவ்வளவு ஈமான் பாருங்கள் அந்த மனிதருக்கு. அந்த ஈமானை வைத்துத்தான் அவரை ஏமாற்றினார்கள்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கண்டறிய முடியவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. மருந்து அதை அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டும் அல்லாஹ்வின் அருள்தான். அருள் எந்த வழியாக வந்ததோ அந்த வழியை நாமே அடைத்துவிடக் கூடாது. ஓதிப் பார்ப்பது சுன்னத்தில் உள்ளது, யாரும் மறுக்கவில்லை. ஸூரத்துல் ஃபாத்திஹா ஓதுங்கள், முஅவ்விதத்தைன் ஓதி ஊதிக்கொள்ளுங்கள், கருஞ்சீரகமும் தேனும் சாப்பிடுங்கள். ஓதிவிட்டு மாத்திரையையும் போடுங்கள். ஓதியதால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு மார்க்கத்தில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

அறியாமல் ஃபத்வா கொடுப்பதன் விபரீதத்திற்கு ஒரு ஹதீஸ் போதும். ஒரு பயணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யலாமா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, உனக்குச் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார். இறந்துவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரை இவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகச் சொன்னார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தீனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். அப்படியிருந்தும் நபியவர்கள் பயன்படுத்திய வார்த்தை அது. மருத்துவம் படிக்காமல் மருத்துவம் செய்து ஒருவருக்குக் கேடு வந்தால் அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸும் அதே நூலில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிற 'எய்ட்ஸுக்கு முழு நிவாரணம்' என்ற லேகிய விளம்பரத்தை ஃபார்வர்டு செய்கிற ஆலிம்களும் ஹாஜிமார்களும் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். அந்த லேகியத்தை விற்றவன் கடையை மூடிவிட்டுப் போய்விடுவான்.

ரமளான் மாதத்தில் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். நோன்பில் மாத்திரை போட முடியாது, அதனால் ஒரு மாதம் நிறுத்தினேன் என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நோன்பில் என்ன தடை? இரவு முழுக்க இருக்கிறதே. இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ, டாக்டரைக் கேட்டு ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க அதே நேரம். காசநோய்க்கும் சேர்த்து மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு சில நேரம் இரண்டு வேளை மருந்து கூடுதலாக இருக்கும். அவர்கள் ரமளானுக்கு முன்பே போய்க் கேளுங்கள். உடம்பு தாங்காது, நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ்வே அல்பகரா ஸூராவில் அனுமதி கொடுத்திருக்கிறான். அவன் கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் பயண நாட்களைவிடச் சில நாட்கள் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். லக்கேஜில் போடாமல் கைப்பையில் வையுங்கள், டாக்டரின் சீட்டோடு. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். அசிடிட்டி மருந்து, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அதை மையத்தில் அவசியம் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் விழுங்கினால் இந்த மருந்து உடம்பில் சேர்வது குறையலாம். தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு நேரத்தை மாற்றினாலே சரியாகிவிடுகிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்து இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும் அபாயமும் உண்டு. ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள், திட்டுவார்களோ என்று பயந்து போகாமல் இருக்கிறீர்கள். போங்கள். திட்டினால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறவர்களுக்கும் அங்கே மருந்து இலவசம்தான்.

இவ்வளவும் அந்த நோய் இருப்பவர்களுக்கு. இனி நோய் இல்லாத நமக்கு. உண்மையில் இந்த ஜும்ஆவில் எனக்கு மனபாரமாக இருப்பது இந்தப் பகுதிதான்.

அவர்கள் ஏன் மாத்திரையை விடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். மறதி ஒரு காரணம். ஆனால் கேட்கக் கேட்க வேறொன்று வெளியே வருகிறது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற ஒரு சகோதரி மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிறார். மாமியார் அடுப்படியில் நின்றால் அன்றைக்கு மாத்திரை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினால் மூன்று நாளும் இல்லை. அவருக்கு நோய் வந்தது கணவரிடமிருந்து, கணவர் மவுத்தாகிவிட்டார். ஒரு வாலிபர் தன் மாவட்டத்து மையத்துக்குப் போவதில்லை. அங்கே நம் ஆள் யாராவது பார்த்துவிட்டால் அஸருக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிறார். அதனால் நூறு கிலோமீட்டர் தாண்டி வேறு மையத்துக்குப் போகிறார். பஸ்ஸுக்குக் காசில்லாத மாதம் மருந்தில்லாத மாதம். அவர்களைத் தடுப்பது யார்? நம்முடைய வாய்தான். டீக்கடையில், வலீமா பந்தியில், மையித்து வீட்டில்கூட 'அவருக்கு அந்த நோயாமே' என்று கிசுகிசுக்கிற நம் வாய். அந்த வாய்க்குப் பயந்து ஒருவர் மருந்தை விட்டு, அதனால் அவர் மவுத்தானால், மறுமையில் நம்மிடம் அதைப் பற்றி விசாரணை இருக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

சந்தேகப்படுவதையும் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் ஸூராவின் 12-வது வசனத்தில் அல்லாஹ் ஒருசேரத் தடுத்திருக்கிறான். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பிறவியிலேயே வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்கள் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் இரத்தம் ஏற்றியதால் வந்தவர்களும் உண்டு. சரி, பாவத்தின் வழியாகவே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப மது அருந்தித் தண்டனைக்கு ஆளான ஒருவரைக் கூட்டத்தில் ஒருவர் சபித்தபோது, சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்றார்கள் நபி (ஸல்). புகாரீயில் உள்ள செய்தி. தவ்பா அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. நடுவில் நாம் ஏன் போய் நிற்கிறோம்?

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸின் கருத்து. நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதமில்லாமல் அவருடைய நிலையை வெளியிடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. வேலை, படிப்பு, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. மறைப்பது என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிகாஹ் பேசும் இடத்தில் இதை மறைப்பது கூடாது, அது ஏமாற்று. வாழ்க்கைத் துணைக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரே. அவருக்குத் துணையாக ஆலோசகர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வேலை இல்லை.

உகாண்டா நாட்டில் 1990-களிலேயே அங்குள்ள முஸ்லிம் மருத்துவர் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இமாம்கள் வீடு வீடாகப் போய் இந்த நோயைப் பற்றிப் பேசினார்கள். நம் ஜமாஅத்துகளில் அந்த அளவுக்கு உடனே வேண்டாம். ஒரு சகோதரர் மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்குப் போகக் கடையில் அரை நாள் லீவு கேட்டால், எதற்கு என்று குடையாமல் கொடுங்கள். பைத்துல்மாலில் பஸ் கட்டணம் கேட்டால் கமிட்டி முன்னால் நிறுத்தி விசாரிக்காமல் கொடுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி இரவில் தனியாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், கொடுத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒரே ஸஹனில் சாப்பிட்டால் இந்த நோய் வராது, முஸாஃபஹா செய்தால் வராது, ஒரே ஹவுளில் ஒளூ செய்தால் வராது. அவர் மவுத்தானால் குளிப்பாட்ட ஆளில்லை என்ற நிலை எந்த மஹல்லாவிலும் வரக் கூடாது. கையுறை போட்டு, வழக்கமான கவனத்தோடு குளிப்பாட்டலாம்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், இரகசியம். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தொழுகைக்குப் பிறகு என்னைத் தனியாகப் பார்க்க நினைப்பவர்கள் வரலாம். வாசல் பக்கமாக இல்லாமல், மதரஸா அறை வழியாக வாருங்கள்.

யா அல்லாஹ்! இன்று இரவு உன் பெயரைச் சொல்லி அந்த மாத்திரையை விழுங்குகிற ஒவ்வொருவருக்கும் ஷிஃபாவைக் கொடுப்பாயாக! விட்டுவிட்டவர்கள் நாளைக்கே திரும்பிப் போக அவர்களுக்குத் தைரியத்தைக் கொடுப்பாயாக! அவர்களைக் கவனிக்கிற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஆலோசகர்களுக்கும் பொறுமையைக் கொடுப்பாயாக! எங்கள் நாவுகளைப் பிறருடைய மானத்திலிருந்து தடுத்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.